மைக்ரோவா, நீளமா, வட்டமா? மார்பகப் புற்றுநோய்க் கலச்சாவு ஆய்வுக்கு எதை எடுப்பது

கம்பஸ் கன்ரீனில் ஒரு தங்கச்சி என் முன்னால் ஒரு படத்தை விரித்து வைத்தாள். ஆய்வு முன்மொழிவுக்காகக் கீறியது. இடது பக்கத்தில் ஒரு வட்ட ஆர்.என்.ஏ, அதிலிருந்து ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏக்கு அம்பு, அங்கிருந்து ஒரு நீள் ஆர்.என்.ஏக்கு இன்னொன்று, பிறகு ஒரு புரதம், அதற்குப் பிறகும் ஒரு புரதம், கடைசியில் சிவப்புப் பேனாவால் ஒரு மண்டையோடு. கலம் சாகிறது என்பதற்கு அடையாளமாம். குறுக்கே போனவற்றையும் சேர்த்து அம்புகளை எண்ணினேன். ஏழு.

"இதில எத்தினையை நீர் செய்து காட்டப் போறீர்?"

"எல்லாத்தையும்தான் அக்கா."

"எத்தினை மாசம் இருக்கு?"

"எட்டு."

வாய்ப்பன் ஆறிப்போனது.

2024இல் விக்டர் அம்ப்ரோசுக்கும் கேரி ருவ்குனுக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏக்காக நோபல் பரிசு கிடைத்த பிறகு மைக்ரோ, நீள், வட்டம் என்ற மூன்றில் எதை ஆய்வுக்கு எடுப்பது என்ற கேள்வி எனக்குப் பல பேரிடமிருந்து வருகிறது. மார்பகப் புற்றுநோயில் கலச்சாவு, அதை ஆட்டிவைக்கும் குறிமுறையற்ற (தாமே புரதமாக மாறாத) ஆர்.என்.ஏக்கள், இந்த இரண்டிலும் எல்லோரும் உறுதியாக இருக்கிறார்கள். மூன்று வகையில் எதைப் பிடிப்பது என்பதில்தான் தடக்குப்படுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு செய்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பொஸ்ரனில் இருப்பவர்களுக்கு என் கணக்குப் பொருந்தாது.

எதை வைத்து அளப்பது

முதற் கேள்வி, உங்களுக்கு உண்மையில் கிடைக்கப்போவது என்ன? இழையத்தை மெழுகில் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகளா, சத்திரசிகிச்சை முடிந்த கையோடு எடுத்த பச்சை இழையமா, குருதியா, வளர்ப்புக் கலங்களா, அல்லது ஒரு மடிக்கணினி மட்டும்தானா? ஆய்வுத் தலைப்பை இதற்குப் பிறகுதான் யோசிக்க வேண்டும். நம்மவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இரண்டாவது, அம்புக் கணக்கு. ஒரு அம்பு கீறினால் "இது அதில் ஒட்டுகிறது, ஒட்டுவதால்தான் அடுத்தது நடக்கிறது" என்று வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். அதைக் காப்பாற்ற மூன்று வேலை உண்டு. கூட்டிப் பார்க்க வேண்டும், குறைத்துப் பார்க்க வேண்டும், ஒட்டும் இடத்தின் எழுத்துகளை மாற்றிவிட்டு ஒட்டாமல் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். மூன்றாவது வேலைக்குத்தான் மின்மினிப் பூச்சியின் நொதியத்தை வைத்துச் செய்யும் லூசிஃபெரேஸ் சோதனை. ஏழு அம்பு என்றால் இருபத்தொரு வேலை.

மூன்றாவது, எந்தச் சாவு என்பதும் அதை எப்படி அளக்கப் போகிறீர்கள் என்பதும். நான்காவது, கறன்ரும் குளிரும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்தவர்கள் மறை 80 பாகை உறைபெட்டியை நம்பி ஆய்வு எழுதலாம். கடைசியாக, விடை "இல்லை" என்று வந்தால் ஆய்வேடு நிற்குமா, விழுமா?

தெரிவுக்கு முன்னால்: எந்தச் சாவு?

இதை முதலில் தீர்க்காதவர்கள் ஆர்.என்.ஏ எது என்று தீர்த்தும் பயனில்லை. நான் பட்டதைச் சொல்கிறேன்.

என் ஆய்வுக்கு எம்.சி.எஃப்-7 கலங்களை எடுத்தேன். 1973இல் மிச்சிகனில் உருவாக்கப்பட்ட, உலகம் முழுக்கப் பழகிய மார்பகப் புற்றுநோய்க் கலவரிசை. மிர்-21 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏயை அடக்கினேன். கலங்கள் உருண்டு, கழன்று, மிதந்தன. நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது சந்தோசம் தாங்கவில்லை. திட்டமிட்ட கலச்சாவு, அதாவது அப்பொப்ரோசிஸ் என்றால் சாவை நடத்தும் கஸ்பேஸ்-3 என்ற நொதியம் வெட்டுப்பட வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. புரதத்தைக் காட்டும் வெஸ்ரேர்ன் புளொற் சோதனையை ஓடவிட்டேன். வெறும் வெள்ளை. பிறபொருளெதிரி பழுதாகியிருக்கும் என்று இன்னொன்றுக்கு ஓடர் கொடுத்தேன். திரும்பவும் வெள்ளை. ஆறு கிழமை போன பிறகு ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னார், எம்.சி.எஃப்-7இல் கஸ்பேஸ்-3 கிடையாது என்று. அந்தப் பரம்பரையலகில் 47 எழுத்துகள் விடுபட்டிருப்பது 1998இலேயே தெரிந்த விசயம். கலம் கஸ்பேஸ்-7ஐ வைத்துக்கொண்டு சாகிறது. டி.என்.ஏ ஏணிப்படியாக உடைவதையும் அதில் எதிர்பார்க்கக் கூடாது. பார்ப் என்ற புரதம் வெட்டுப்படுகிறதா என்று பார்த்திருந்தால் முதற் கிழமையிலேயே விடை வந்திருக்கும்.

மற்றப் பிரபலமான வரிசை எம்.டி.ஏ-எம்.பி-231. ஈஸ்திரோஜன், புரோஜெஸ்திரோன், ஹெர்-2 என்ற மூன்று ஏற்பியும் இல்லாத வகைக்கு எல்லோரும் இதைத்தான் எடுப்பார்கள். அதில் கஸ்பேஸ்-3 இருக்கிறது, ஆனால் புற்றைத் தடுக்கும் பி-53 புரதம் பழுதடைந்தது. மிர்-34ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏயைத் தூண்டிவிடுவதே பி-53தான். ஆகவே பி-53 வழியாக மிர்-34ஏ ஏறும், சாவைத் தடுக்கும் பி.சி.எல்-2 புரதம் இறங்கும், கலம் சாகும் என்ற அழகான கதையை இந்தக் கலத்தில் சொல்ல முடியாது. மிர்-34ஏயை நீங்களே வெளியிலிருந்து ஊட்டலாம், அது வேறு கேள்வி.

இப்போது எல்லோருக்கும் ஆசை ஃபெரொப்ரோசிஸ். 2012இல் பெயர் வைக்கப்பட்ட சாவு இது. இரும்பின் துணையோடு கலமென்சவ்வின் கொழுப்பு ஒட்சியேறிச் சாவது. ஜி.பி.எக்ஸ்-4 என்ற நொதியம் அதைத் தடுத்துக்கொண்டிருக்கும். நல்ல துறைதான். ஆனால் கொழுப்பு ஒட்சியேற்றம் கூடியது என்று ஒரு நிறச் சோதனையைக் காட்டிவிட்டு இரும்புச் சாவு என்று எழுதுவது சரிவராது. அந்தச் சாவைத் தடுக்கும் ஃபெரொஸ்ரற்றின் கொடுத்தால் கலம் பிழைக்க வேண்டும், கஸ்பேஸ் தடுப்பானைக் கொடுத்தால் பிழைக்கக் கூடாது. இந்த இரண்டு வரிசையும் படத்தில் இல்லாத ஆய்வை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

இன்னொன்று, எம்.ரி.ரி சோதனை சாவை அளப்பதில்லை. கலத்தின் அனுசேபம் எவ்வளவு என்றுதான் அது சொல்லும். பெருகாமல் சும்மா இருக்கிற கலமும் அதில் செத்த கலம் மாதிரித்தான் தெரியும். சாகும் கலத்தில் ஒட்டும் அனெக்சின் சாயம் போட்டு, கலங்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃபுளோ சைற்றோமீற்றரில் பார்க்க வழியுண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

சரி, தெரிவுகளுக்கு வருவோம்.

தெரிவு ஒன்று: மைக்ரோ ஆர்.என்.ஏ

22 எழுத்து அளவிலான துண்டு. ஒரு தூது ஆர்.என்.ஏயின் பின்பகுதியில் போய் ஒட்டி, புரதம் உருவாவதைக் குறைக்கும். மார்பகப் புற்றுநோயில் மிர்-21 கூடியிருப்பது 2005இலிருந்தே தெரியும். அது பி.டி.சி.டி-4, பீரென் போன்ற, கலத்தைச் சாவுக்குத் தள்ளும் அல்லது பெருகாமல் பிடிக்கும் புரதங்களை அமுக்கி வைக்கிறது. கலம் சாக மறுக்கிறது. எதிர்ப்பக்கத்தில் மிர்-34ஏயும் மிர்-16உம் பி.சி.எல்-2ஐக் குறைத்துச் சாவுக்குக் கதவு திறக்கின்றன.

அம்பு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இதன் பெரிய பலம், மெழுகுக் கட்டி. ஃபோர்மலினில் ஊறி மெழுகில் வருடக்கணக்காகக் கிடந்த இழையத்தில் நீளமான ஆர்.என்.ஏக்கள் துண்டு துண்டாகிவிடும். மைக்ரோ ஆர்.என்.ஏ ஏற்கனவே துண்டு, அதற்கு மேல் ஆர்கோனோட் புரதத்தின் பாதுகாப்பும் உண்டு. தப்பிவிடும். நோயியல் வைத்தியரின் அலுமாரியில் இருக்கிற கட்டிகளுக்கு நெறிமுறைக் குழு அனுமதி கிடைத்தால் உறைபெட்டி, திரவ நைதரசன் ஒன்றுமே வேண்டாம். கறன்ற் போனால் போகட்டும்.

மறைசெலவு இரண்டு. முதலாவது, மிர்-21 புற்றுக்கலத்தில் மட்டும் இருப்பதில்லை, சுற்றியிருக்கும் நார்க்கலங்களிலும் நிறைய இருக்கிறது. கட்டியை முழுசாகச் சுரண்டினால் எதை அளந்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. புற்று உள்ள இடத்தை வைத்தியர் கண்ணாடித் தட்டில் பேனாவால் சுற்றித் தர வேண்டும், அவருடைய நேரம்தான் இதில் விலை கூடியது.

இரண்டாவது, குருதி எடுப்பவர்களுக்கு. தெல்லிப்பழையில் கிளினிக் முடிய ரியூப்பை வாங்கி, மோட்டார் சைக்கிளில் காங்கேசன்துறை வீதியால் குலுங்கிக் குலுங்கிக் கொண்டுவந்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சுழற்றிப் பாருங்கள். பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டியது, நாவல் பழத்தைக் கழுவின தண்ணீர் மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கும். செங்குழியங்கள் உடைந்திருக்கின்றன. செங்குழியத்துக்குள் மிர்-16உம் மிர்-451உம் குவிந்து கிடக்கின்றன. மிர்-16 கூடியிருக்கிறது, ஆகவே கலச்சாவு தூண்டப்படுகிறது என்று எழுதிவிடுவீர்கள். கூடியது றோட்டுப் பள்ளத்தால். மிர்-451ஐயும் மிர்-23ஏயையும் ஒப்பிட்டு, ஆர்.என்.ஏயின் அளவைக் காட்டும் கியூ.பி.சி.ஆரில் இரண்டுக்கும் இடையே ஏழு சுற்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த மாதிரியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். எறிய மனம் வராது, 20 பேரில் 6 பேர் போய்விடுவார்கள்.

மருந்தாக்கும் கனவோடு வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மிர்-34ஏயைக் கொழுப்புக் குமிழிக்குள் வைத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகள் வந்து 2016இல் அந்தப் பரிசோதனையை நிறுத்திவிட்டார்கள்.

தெரிவு இரண்டு: நீள் ஆர்.என்.ஏ

200 எழுத்துக்கு மேல். இதன் கதைகள்தான் கேட்க இனிமையானவை. காஸ்-5ஐ எடுங்கள். மார்பகப் புற்றில் குறைந்திருக்கும், திரும்ப ஏற்றினால் கலங்கள் அப்பொப்ரோசிஸுக்குப் போகும் என்று 2009இல் காட்டினார்கள். பிறகு அது மிர்-21ஐப் பிடித்து வைக்கிறது என்றும் காட்டினார்கள். காஸ்-5 மிர்-21ஐப் பிடிக்க, மிர்-21 விட்டுவிட்ட பி.டி.சி.டி-4 எழும்ப, கலம் சாகும். மூன்று அம்பு.

இந்தப் "பஞ்சு" கதையில்தான் எனக்குச் சந்தேகம் கூட. ஒரு ஆர்.என்.ஏ இன்னொன்றை உறிஞ்சுகிறது என்ற கருதுகோள் 2011இல் பெரிதாக எடுபட்டது. 2014இல் எலிக் கல்லீரல் கலங்களில் மிர்-122ஐ வைத்துக் கணக்குப் பார்த்தபோது, விளைவு தெரிய ஒரு கலத்துக்குள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஒட்டுமிடங்களைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. உங்கள் நீள் ஆர்.என்.ஏ ஒரு கலத்தில் ஐம்பது பிரதி இருந்து, மைக்ரோ ஆர்.என்.ஏ ஆயிரக்கணக்கில் இருந்தால், நல்லூர்த் தேரன்று வீதியில் நிற்கிற சனத்தில் மூன்று பேரை ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கூட்டத்தைக் குறைத்தேன் என்று சொல்வது மாதிரி. பிரதிகளை எண்ணாமல் பஞ்சு என்று எழுத வேண்டாம்.

பஞ்சு மட்டும்தான் வழி என்றும் இல்லை. காஸ்-5 குளூக்கோகோர்ட்டிகொயிட் ஏற்பியில் போலி டி.என்.ஏ மாதிரி ஒட்டிக்கொண்டு அதை ஏமாற்றுகிறது. இந்த மாதிரிப் புரத அம்புகளில்தான் புதிதாகச் சொல்ல இடமிருக்கிறது என்பது என் எண்ணம். செலவும் அங்கேதான்.

மறைசெலவு? காஸ்-5க்கு ஒரு குணம். கலம் நன்றாக வளரும்போது அது உடைக்கப்படும், பட்டினி போட்டால் தானாகவே கூடும். வளர்ப்பு ஊடகத்துக்குப் போடுகிற கன்றுச் சீரம் விலை கூடிய சாமான். முடியப் போகிறது என்று பத்து வீதத்தை இரண்டாக்கிச் சமாளிப்பது நம் ஊரில் நடக்காத விசயமா? அந்தக் கிழமை உங்கள் மருந்தால் காஸ்-5 ஏறியது என்று காட்டும். ஏற்றியது சிக்கனம்.

கலத்தின் கருவுக்குள்ளேயே தங்கியிருக்கிற வகைகளை அடக்க வழமையான சிறு ஆர்.என்.ஏ சரியாக வேலை செய்யாது. கப்மர் என்கிற வேதியியல் மாற்றம் செய்த எதிர்த்துண்டு தேவை. அப்புறம், சர்ச்சை. மலாட்-1 என்ற நீள் ஆர்.என்.ஏயை நீக்கினால் மார்பகப் புற்றுப் பரவல் குறைகிறது என்று 2016இல் ஒரு குழு, கூடுகிறது என்று 2018இல் இன்னொரு குழு, இரண்டும் ஒரே வகை எலியில். ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்பார்கள்.

தெரிவு மூன்று: வட்ட ஆர்.என்.ஏ

நுனி இல்லாததால் இலகுவில் உடையாது. 2013இல் சி.டி.ஆர்-1ஏ.எஸ் என்ற வட்டத்தில் மிர்-7க்கு 70க்கு மேற்பட்ட ஒட்டுமிடங்கள் இருப்பதாக வந்தபோதுதான் இந்தத் துறைக்கு அலை அடித்தது. பெரும்பாலான வட்டங்களில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அது சொல்லப்படுவதில்லை.

மார்பகப் புற்றுக் கலச்சாவில் எனக்குப் பிடித்த உதாரணம் வட்ட ஃபொக்ஸோ-3, 2017. அது பஞ்சு இல்லை. பி-53ஐயும் எம்.டி.எம்-2ஐயும் பக்கத்தில் பக்கத்தில் இருத்துகிறது, எம்.டி.எம்-2 பி-53ஐ அழிக்கப் போய்விட ஃபொக்ஸோ-3 புரதம் தப்புகிறது, பூமா என்ற சாவுப் புரதம் கூடுகிறது. கலியாணத் தரகர் வேலை. ஆனால் இதைக் காட்டப் புரதங்களைப் பிடித்திழுத்து எடுக்க வேண்டும், நம் வசதியில் கனவு.

வட்டம் உண்மையில் வட்டம்தானா என்று நிரூபிக்க, இரு நுனியும் பின்னோக்கி ஒட்டிய மூட்டைத் தாண்டும் பிறைமர் (பிரதியெடுக்கத் தொடக்கம் கொடுக்கும் துண்டு), நேர் ஆர்.என்.ஏயைத் தின்னும் ஆர்.என்.ஏஸ்-ஆர் நொதியம், மூட்டின் எழுத்துத்தொடர் வாசிப்பு, மூன்றும் வேண்டும். அடக்க வேண்டுமென்றால் அந்த மூட்டின் மேல் மட்டுமே குறிவைக்கலாம், அந்த இடத்தின் எழுத்து ஒத்துவராவிட்டால் வேறு இடம் தேட முடியாது.

தெரிவு நான்கு: மடிக்கணினி மட்டும்

அமெரிக்காவின் ரி.சி.ஜி.ஏ தொகுப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மார்பகக் கட்டிகளின் தரவு இலவசம். செலவு இணையக் கட்டணம். ஆனால் அதன் ஆர்.என்.ஏ வாசிப்பு பெரும்பாலும் நுனியில் ஏ எழுத்துகளாலான வாலுள்ள ஆர்.என்.ஏக்களைப் பிடித்தெடுத்துச் செய்தது. வட்டத்துக்கு வால் ஏது? வட்டம் தேடுபவர்களுக்கு அந்தக் கடலில் மீன் குறைவு. மைக்ரோவுக்குத் தனி வாசிப்பு இருக்கிறது, நல்லது. அந்தக் கட்டிகள் பெரும்பாலும் வெள்ளையினப் பெண்களுடையவை என்பதை ஆய்வேட்டில் ஒரு வரி எழுதுங்கள். நூறு கோடுகள் பின்னிய வலைப்படம் மட்டும் போட்டு முடிக்காதீர்கள், ஒரு கோட்டையாவது கியூ.பி.சி.ஆரில் சரிபாருங்கள்.

| | மைக்ரோ | நீள் | வட்டம் | கணினி |
|---|---|---|---|---|
| மெழுகுக் கட்டி போதுமா | போதும் | குறுகிய துண்டாகப் பெருக்கினால் மட்டும் | சிரமம் | தேவையில்லை |
| நிரூபிக்க வேண்டிய அம்பு | 1–2 | 3 | 3, அதோடு வட்டம் என்ற நிரூபணம் | எல்லாமே ஊகம் |
| சாவைக் காட்ட | கட்டியில் தொடர்பு, கலத்தில் காரணம் | கலம் கட்டாயம் | கலம் கட்டாயம் | காட்ட முடியாது |
| மின்வெட்டு | தாங்கும் | தாங்காது | ஆர்.என்.ஏ தாங்கும், கலம் தாங்காது | மின்கலம் உள்ளவரை |
| "இல்லை" என்று வந்தால் | ஆய்வேடு நிற்கும் | ஆடும் | விழும் | நிற்கும் |
| ஒளிந்திருக்கும் செலவு | வைத்தியரின் நேரம், உடைந்த செங்குழியம் | கப்மர், சீரம் | மூட்டு, நொதியம், புரதம் பிடித்தல் | பிறகு செய்ய வேண்டிய சரிபார்ப்பு |

யாருக்கு எது

இறுதி வருடம், எட்டு மாதம், கலவளர்ப்பு இல்லை என்றால் மைக்ரோ. யோசிக்க ஒன்றுமில்லை. மெழுகுக் கட்டியில் மிர்-21ஐ அளந்து, அதே கட்டியின் அடுத்த வெட்டில் பி.டி.சி.டி-4ஐயும் வெட்டுப்பட்ட கஸ்பேஸ்-3ஐயும் சாயமிட்டுப் பாருங்கள். காரணம் என்று எழுதாமல் தொடர்பு என்று எழுதுங்கள். எங்கள் பெண்களின் இழையத்தில் அளந்தது என்பதே அதன் பெறுமதி.

எம்.பில். போல இரண்டு வருடம் இருந்து, கொழும்பில் கலவளர்ப்புக் கூடம் ஒன்றில் மூன்று மாதம் தங்க வழியிருந்தால் நீள் ஆர்.என்.ஏ. ஆனால் சுற்றுலாக்காரர் மாதிரிப் போய் வருவது சரிவராது. 400 கிலோமீற்றர், இரவு பஸ், றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ். அனுராதபுரத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது பெட்டியைத் திறந்து பார்த்தேன், ரியூப்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. ஆர்.என்.ஏயைப் பிரித்தெடுத்து, டி.என்.ஏ பிரதியாக்கிய பிறகு கொண்டுவந்திருந்தால் அந்த இரவு நித்திரை கொண்டிருக்கலாம்.

வட்டம், வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றோடு ஏற்கனவே கைகோத்திருப்பவர்களுக்கு. அல்லது கலாநிதிப் பட்டத்துக்கு வெளியே போகப் போகிறவர்கள் இங்கேயே ஒரே ஒரு வட்டத்தைப் பிடித்து, மூட்டை வாசித்து, அது இருக்கிறது என்று மட்டும் காட்டிவிட்டுப் போகலாம். சாவு வரைக்கும் போகத் தேவையில்லை. மடிக்கணினி வழி, வேலை செய்துகொண்டு படிப்பவர்களுக்கும், கிற் வந்து சேரும்வரை காத்திருப்பவர்களுக்கும்.

அந்தத் தங்கச்சி ஐந்து அம்புகளை அழித்துவிட்டாள். மண்டையோட்டை விட்டுவைத்திருக்கிறாள், கீழே பென்சிலால் "எந்தச் சாவு?" என்று எழுதியிருக்கிறது. போன கிழமை நோயியல் பிரிவில் கட்டி வெட்டப் பழகத் தொடங்கியிருக்கிறாள். இரவு பத்தரைக்கு ஒரு செய்தி.

"அக்கா, ஒவ்வொரு கட்டிக்கும் பிளேட் மாத்த வேணுமோ?"

மாற்ற வேண்டும். முதல் நோயாளியின் துணுக்கு இரண்டாமவரின் ரியூப்புக்குள் போய்விடும். பிளேட்டுக்கு எவ்வளவு முடியும் என்று கேட்டு, அதையும் செலவுப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அனுப்பினேன்.